சாரத்துல பத்திரமா இருக்கு

அத்தியாயம் 6

துப்பறிவாளன் என்பவன் தரையில் நடமாட வேண்டியவன். நானோ காலை பதினொன்றரை மணிக்கு இருபதடி உயரத்தில், ஒரு சவுக்குக் கட்டையைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தேடினால் எதுவும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். திறந்தால் தரை தெரிகிறதே, அதுதான் பிரச்சினை.

"சார், கெடச்சிட்டா?" என்று கீழேயிருந்து பூமாரி கத்தினாள்.

"தேடிக்கிட்டிருக்கேன்!"

"பாட்டிலையா, எறங்குற வழியையா?"

பூமாரி என் உதவியாளர். திசையன்விளைக்காரி. ஒரு செல்போன் கம்பெனியில் எட்டு வருஷம் லைன் லீடராக அறுபது பேரை மேய்த்தவள், இப்போது என் ஒருவனை மேய்க்கிறாள். அறுபது பேர் சுலபம் என்று அடிக்கடி சொல்வாள்.

நான் நரசிம்மன். கார் ஹாரன் செய்யும் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஹாரனை அமுக்கிப் பார்த்து 'ஓகே' என்று எழுதுவதுதான் வேலை. காது கொஞ்சம் மந்தமானதும் விருப்ப ஓய்வு என்றார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'நரசிம்மன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினேன். இதுவரை துப்பறிந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்பதைத்தான்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக உருப்படியான வழக்கு.

காலை ஒன்பது மணிக்கு சசிரேகா எங்களைக் கூப்பிட்டாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சொந்த ஊர் எல்லையிலேயே சின்னதாக ஒரு யூனிட் போட்டிருக்கிறாள். எங்கோ ஒரு சுரங்கத்தில் தாது எடுத்தபின் மிஞ்சிய பச்சை நிறச் சேற்றை லாரி லாரியாக இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அதில் ஆர்சனிக் என்ற விஷம் இருக்கிறது. மழை பெய்தால் கரைந்து மண்ணுக்குள்ளும் ஏரிக்குள்ளும் போகும். அதை இரும்பு உலைக் கசடோடு கலந்து கல்லாக வார்த்துவிட்டால் விஷம் கல்லுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பது சசிரேகா கண்டுபிடித்த முறை.

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டும். ஒரு கல்லை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலில் பிடித்து, மூடியில் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். மாலை நாலு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து அதை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால் அலமாரியில் பாட்டில் இல்லை.

"பாட்டில் இல்லன்னா யூனிட்ட நடத்த அனுமதி இல்ல சார்," என்றாள் சசிரேகா. "நாப்பது லோடு வெளிய குமிஞ்சு கீது. அந்தாண்ட ஏரி. நான் சொன்னேன்னுதான் ஊரே இதுக்கு ஒத்துக்கிச்சு. எங்கம்மா நாத்து நடுறதே அந்த ஏரித் தண்ணியிலதான்."

அப்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று மாலை வரை காவலில் இருந்தவன் வாட்ச்மேன் வனமாமலை. நாங்குநேரிப் பக்கம், பூமாரி ஊருக்கு அருகில். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று ஊரிலிருந்து தகவல் வர, விடிகாலை பஸ்ஸில் ஏறிவிட்டான். நான் போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரே வரி கேட்டது. "பாட்டில் சாரத்துல பத்திரமா இருக்கு சார்." அத்தோடு போன் அணைந்தது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

நான் போனை வைத்துவிட்டு, பெரிய துப்பறிவாளன் தோரணையில் இருவரிடமும் அறிவித்தேன். "கேஸ் முடிஞ்சது. கொத்தனாருங்க கட்டியிருக்கிற கட்டை மேலதான் வச்சிருக்கான்."

யூனிட்டுக்குப் பின்னால் புது ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் சவுக்குக் கட்டைகள். அப்படித்தான் நான் மேலே ஏறினேன்.

"இன்னா சார், மேல இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

புதுக் குரல். ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. சசிரேகா முகம் சுருங்கியதிலிருந்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். பரசுராமன். மனை புரோக்கர். ஏரியோரத்தில் பள்ளமான நிலத்தை வளைத்துப் போட்டு, அதை நிரப்ப மண் தேடிக்கொண்டிருப்பவர் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"பெயின்டிங் எஸ்டிமேட்டு," என்றேன். சுவரே இன்னும் பூசவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பரசுராமன் சசிரேகா பக்கம் திரும்பினார். "சாயங்காலம் ஆபீசருங்க வராங்களாமே. எதுனா முன்ன பின்ன ஆச்சுன்னா கவலப்படாதம்மா. அந்த மண்ண அப்டியே நான் அள்ளிக்கினு போறேன். உனுக்கும் தலவலி வுட்டுது."

"அது மண்ணு இல்லண்ணே, கழிவு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் இறங்க அரை மணி ஆனது. பிறகு மூன்று பேருமாக ஒவ்வொரு கட்டையாக, ஒவ்வொரு பலகையாகப் பார்த்தோம். ஒரு கரண்டி, இரண்டு பீடிக்கட்டு, யாருடைய மதியச் சாப்பாடோ ஒன்று. பாட்டில் இல்லை. மணி ஒன்றேமுக்கால். சசிரேகா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூமாரி பொறுமை இழந்தாள். "சார், அந்த ஆளு சரியா என்ன சொன்னான்?"

"அதான் சொன்னேனே. கட்டை மேல."

"கட்டை மேலன்னா சொன்னான்? நாங்குநேரிக்காரன் வாயில அப்படி வராதே. அவன் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"பாட்டில் சாரத்துல பத்திரமா இருக்கு, அப்படின்னான். சாரம்னா இதானே, கட்டடத்துக்குக் கட்டுறது?"

பூமாரி என்னையே பார்த்தாள். பிறகு சாரத்தைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சவம், காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! எங்க ஊருல சாரம்னா லுங்கி சார். ஆம்பளைங்க இடுப்புல கட்டுறது. அவன் பாட்டில லுங்கியில சுத்தி வச்சிருக்கான். நீங்க இருபதடி ஏறி நிக்கிறீங்க!"

சாட்சி சொன்னதை அப்படியே எழுத வேண்டும், நம் புத்தியைக் கலக்கக் கூடாது. இது துப்பறிவின் முதல் பாடம். இரண்டாம் பாடம் எனக்கு இன்றுவரை தெரியாது, முதல் பாடத்திலேயே ஃபெயில் ஆகிவிட்டதால். சசிரேகாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

வனமாமலை தங்கியிருந்தது இருங்காட்டுக்கோட்டையில். ஒரே அறை, ஆறு பேர். வேறு வேறு ஷிஃப்ட் என்பதால் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் தூங்குவார்கள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கயிறு முழுக்க லுங்கி. நான் ஒவ்வொன்றாக உதற ஆரம்பித்தேன். மூலையில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கியவன். பெயர் பேச்சிராஜ் என்றான். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட லுங்கி.

"ஏல தம்பி, வனமாமலை அண்ணன் சாரம் எது?" என்றாள் பூமாரி.

அவன் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான். "இதான் யக்கா. எஞ்சாரம் ஈரமா கெடந்துச்சு, அதான் எடுத்துக் கட்டுனேன்."

"அதுக்குள்ள ஒரு பாட்டில் இருந்துச்சா?"

"இருந்துச்சே." பேச்சிராஜ் ஒரு மாதிரி நெளிந்தான். "அண்ணன் திட்டுவாராக்கா? ரெண்டு மடக்குதான் குடிச்சேன்."



"குடிச்சியா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காது மந்தம் மட்டும் காரணமில்லை.

"தாமிரபரணித் தண்ணின்னு நெனச்சேன் சார்! ஊருக்குப் போயிட்டு வாரவங்க பாட்டில்ல புடிச்சிட்டு வருவாங்கல்லா? வெறுந்தண்ணிய எவனாவது சீல் வச்சு, சாரத்துல சுத்தி ஒளிச்சு வைப்பானா? அண்ணன் நமக்குக் குடுக்காம தனியா குடிக்கப் பாக்காருன்னு ஒரு ஆத்திரத்துல குடிச்சிட்டேன்."

பூமாரி மெதுவாகத் தலையாட்டினாள். "நானும் அப்படித்தான் சார் நெனச்சிருப்பேன்."

"ஆனா ருசியே சரியில்லக்கா. சுண்ணாம்புத் தண்ணி கணக்கா இருந்துச்சு. அதான் மூடி வச்சுட்டேன்."

பாட்டில் ஜன்னல் திட்டில் இருந்தது. முக்கால்வாசித் தண்ணீர் மிச்சம். சீல் இரண்டாகக் கிழிந்திருந்தது. சசிரேகாவின் கையெழுத்தில் 'சசி' மூடியிலும் 'ரேகா' பாட்டிலிலும் நின்றது.

சசிரேகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கியது. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். எங்கே போனாலும் கூடவே வைத்திருக்கும் சோதனைப் பெட்டி. ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, ஏதோ பொடி போட்டு, மூடியில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகினாள்.

"காகிதம் மஞ்சளாச்சுன்னா விஷம் கீது. பழுப்பாச்சுன்னா நெறைய கீது. இருபது நிமிஷம் ஆவும்."

"உங்க முறை மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கில்ல?" என்றேன்.

"காலைல கேட்டிருந்தா நூத்துக்கு நூறுன்னு சொல்லியிருப்பேன் சார்." அவள் பேச்சிராஜைப் பார்த்தாள். "இப்ப இவரு எதிர்ல ஒக்காந்துனு கீறாரே."

அந்த இருபது நிமிஷம் நான் பயந்தேன். வேடிக்கையாகச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. பூமாரி அவனிடம் உண்மையைச் சொன்னாள். பேச்சிராஜ் காகிதத்தையே பார்த்தபடி இருந்தான். பிறகு, "எங்கம்மைக்கு போன் போடணுமா?" என்று கேட்டான். பொறு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் பூமாரி.

காகிதம் வெள்ளையாகவே இருந்தது. சசிரேகா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

"அப்ப நான் பாஸாக்கா?" என்றான் பேச்சிராஜ்.

"நீ பாஸு. பாட்டில்தான் ஃபெயிலு. சீல் போச்சுல்லா," என்றாள் பூமாரி. இருந்தாலும் டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும் என்று அறைத் தோழன் ஒருவனோடு அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். மறக்காமல் லுங்கியை மாற்றிக்கொண்டு போனான்.

அந்த நேரத்தில்தான் வனமாமலை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். மதுரை தாண்டி டீ குடிக்க பஸ் நிற்கிறதாம்.

"சார், நேத்து சாயங்காலம் பரசுராமன் சார்வாள் வந்தாரு. அந்தப் பாட்டில ஒரு நிமிசம் குடு, பாத்துட்டுத் தாரேன்னாரு. அவரு பைக்குள்ள ஒரு பொட்டலம், நிறைய அந்தப் பச்சைச் சேறு. பாட்டில்ல கலக்கத்தான் கேக்காருன்னு புரிஞ்சிட்டு. சாவி மேடம்கிட்ட இருக்குன்னு பொய் சொல்லிட்டு, ட்யூட்டி முடிஞ்சதும் பாட்டில ரூமுக்குக் கொண்டாந்துட்டேன். காலைல மேடத்துகிட்ட குடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஊருலேர்ந்து போன் வந்துட்டு."

ஆக, திருட்டே நடக்கவில்லை. காலையிலிருந்து நான் தேடிய திருடன்தான் அந்த யூனிட்டின் ஒரே நல்ல காவல்காரன்.

மணி மூன்று. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி இதற்குள் உங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கும்.

"மேடம், தண்ணி சுத்தம்னு நமக்குத் தெரியும்," என்றேன். "சீல் டேப் உங்ககிட்ட இருக்கு. கையெழுத்தும் உங்களோடதுதான். புதுசா ஒட்டிட்டா..."

சசிரேகா என்னைப் பார்த்தாள். "இவரு குடிச்சப்ப என் கை எப்டி நடுங்குச்சுன்னு பாத்தீங்கல்ல சார்? ஊரு பூரா குடிக்கப் போற ஏரி அது. எனுக்கே இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு. அவங்கள மட்டும் சும்மா நம்புன்னு எப்டி சொல்றது?"

 பூமாரி கூட கிண்டல் செய்யவில்லை.

சரியாக நாலு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி மஞ்சுளா, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பெண்மணி. பின்னாலேயே அழைக்காத விருந்தாளியாகப் பரசுராமனும் நுழைந்தார். சசிரேகா மேஜைமேல் பாட்டிலை வைத்து, சீல் உடைந்த கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

மஞ்சுளா பாட்டிலைத் தொடவே இல்லை. "சீல் உடைஞ்சத நான் எடுத்துக்க முடியாதும்மா. மறுபடி இருபத்தெட்டு நாள் ஊறணும்."

"அதுவரிக்கும் அது இங்கக் கெடக்க வாணாம் மேடம்," என்று பரசுராமன் முன்னால் வந்து மேஜையெதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "மழ வருது. நானே எடுத்துக்கினு போயி மனைக்கு ரொப்பிக்கிறேன். வெறும் மண்ணுதான்."

இங்கேதான் நான் எழுந்தேன். பரசுராமன் எப்படியும் வந்து நிற்பார் என்று ஊகித்து, வரும் வழியிலேயே பூமாரியிடம் திட்டத்தைச் சொல்லி வைத்திருந்தேன். அவள் இரண்டு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து பரசுராமன் எதிரில் வைத்தாள்.

"ஒண்ணு சசிரேகாவோட கல் ஊறின தண்ணி," என்றேன், முடிந்தவரை கம்பீரமாக. "இன்னொண்ணு வெளிய கிடக்கிற பச்சைக் கழிவு ஊறி வடிகட்டின தண்ணி. நீங்க வெறும் மண்ணுன்னு சொல்றீங்களே, அது. அதை ஒரு மடக்கு குடிங்க. மொத்தத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"எது எது?" என்றார் பரசுராமன்.

நான் டம்ளர்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அடையாளம் வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பூமாரியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"அதை நீங்கதான் சொல்லணும்," என்று சமாளித்தேன். "வெறும் மண்ணுன்னா எதுவா இருந்தா என்ன?"

பரசுராமன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யோவ், இன்னா வெளையாட்றியா? ஆர்சனிக்குய்யா அது! ஒரு சொட்டு உள்ள போனா இன்னா ஆவும்னு தெரியுமா உனுக்கு?"

மஞ்சுளா கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. தெரிஞ்சுதான் ஏரியோரத்துல கொட்டக் கேட்டீங்களா?"

பரசுராமன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மஞ்சுளா ஃபைலை விரித்து எழுதினார். சோதனை முடியும்வரை ஒரு கூடைக் கழிவு கூட இந்த கேட்டைத் தாண்டக் கூடாது, மழையில் நனையாமல் உடனே மூட வேண்டும், அடுத்த பாட்டிலுக்குத் தன் அலுவலகச் சீலே வைக்கப்படும். சசிரேகா பொட்டலம் விஷயத்தைச் சொன்னதும், விசாரிக்க வனமாமலையின் நம்பரையும் குறித்துக்கொண்டார்.

நான் ஜெயித்த மிதப்பில் திரும்பினேன். பூமாரி ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ!" என்று நானும் சசிரேகாவும் ஒன்றாகக் கத்தினோம். மஞ்சுளாவின் பேனா கீழே விழுந்தது. பூமாரி இரண்டாவது டம்ளரையும் காலி செய்து வாயைத் துடைத்தாள்.

"கேன் தண்ணி சார். ரெண்டும். விஷத்த எவளாவது மேஜ மேல கொண்டாந்து வைப்பாளா? அதுவும் நீங்க பக்கத்துல நிக்கையில."

எனக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. பரசுராமன் எழுந்துபோன நாற்காலி காலியாக இருந்தது.

ஜீப் போனபோது மேற்கே வானம் கறுத்து, காற்றில் மண்வாசனை வந்துவிட்டது. நாற்பது லோடு சேறு திறந்து கிடந்தது. யூனிட்டில் இருப்பதோ மூன்று தார்ப்பாய், மூன்று ஆள், அதில் ஒருவன் நான். சசிரேகா தன் அம்மாவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் சின்னப்பொண்ணுவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"இன்னாடி ஆச்சு? பாஸ் பண்ட்டாங்களா?"

"இல்லம்மா. சீல் ஒடஞ்சிட்ச்சு. நானே சொல்ட்டேன். இன்னும் இருபத்தெட்டு நாளு ஆவும். ஊருல இன்னா சொல்லுவாங்களோ தெரியல. மழ வேற வருது, மூடறதுக்கு ஆளு இல்ல."

அந்தப் பக்கம் போன் கட்டானது. கோபத்தில் வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

இருபது நிமிஷத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், நெல் மூடுகிற தார்ப்பாய்ச் சுருள்களோடு. முதல் ஆளாகச் சின்னப்பொண்ணு குதித்தார். முழங்கால்வரை வயல் சேறு.

"உன்ன நம்பித்தானடி ஊரு ஒத்துக்கிச்சு," என்றார் மகளிடம். "அத்த ஒட்டிட்டு பொய் சொல்லியிருந்தீன்னா, மழையில அப்டியே கெடந்து சாவுன்னு வுட்டிருப்பேன். நெசத்த சொன்ன, வந்துட்டோம். அழுவாத. கயித்த எடு."

அவர் சொன்னது மகளுக்கு. பட்டது எனக்கு. புதுசாக ஒட்டிவிடலாம் என்று சொன்ன வாய் இதுதானே என்று வெட்கமாக இருந்தது. பூமாரி என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியல்மேல் ஏறினாள்.

முதல் தூறல் விழுந்தது. "இன்னா சார் பாத்துனு நிக்கிற, அந்த மூலையப் புடி," என்றார் சின்னப்பொண்ணு. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன்.